தேய்ந்த கொசுக்களைத் திரும்பப் பார்த்த கண்களுக்கு

கொசு ஒழிப்புத் துறையின் பூச்சியியல் பிரிவில் முப்பத்தோராண்டு பணியாற்றி இன்று ஓய்வு பெறும் ஆய்வாளர் அவர்களுக்கு, உடன் பணியாற்றும் ஊழியர்கள் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

கண்ணுக்குத் தென்படாத காலிலும், காலில் கிடக்கும் கோட்டிலும், ஊருக்கு வரப்போகும் காய்ச்சலை முன்கூட்டிக் கண்ட கூர்விழியே! சிறகின் நரம்பில் சேதி படித்த சிந்தையே! சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நாளில், சுற்றியிருந்தோர் தடுத்தும் சொல்லி முடித்த நெஞ்சுரமே! சலிப்பறியாச் சான்றாண்மையே! தெருவெல்லாம் கொசு மேடம் என்று கூப்பிட, அந்தப் பெயருக்கு ஒருநாளும் கூச்சப்படாத பெருந்தகையே! எங்கள் மூத்த ஆய்வாளரே! வணக்கம்.

இத்தகைய மடலில் பண்புகளை வரிசையாக அடுக்கி, பணியாண்டுகளைப் பகுத்துக் காட்டி, பொன்னெழுத்தில் பொறித்துத் தருவதே வழக்கம். நாங்களும் முதலில் அப்படித்தான் எழுதினோம். சென்ற வாரம் அதைத் தங்கள் மேசைக்குக் கொண்டுவந்தபோது, தாங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்தி நகர்த்திப் படித்தீர்கள். படித்து முடித்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாப்பத்தொண்ணாம் பெட்டி எங்கே?" என்று கேட்டீர்கள்.

அதை நாங்கள் வேண்டுமென்றேதான் விட்டிருந்தோம்.

"அதையும் எழுதறதா இருந்தா மத்ததை எழுதுங்க. இல்லேன்னா ஆளுக்கு ஒரு டீயைக் குடிச்சுட்டுக் கலைஞ்சிடலாம்" என்றீர்கள். எழுந்து கதவு வரை போன எங்களைத் திரும்பக் கூப்பிட்டு, "ஒண்ணு சொல்லிடறேன். அந்தப் பகுதியை என் மூஞ்சியைப் பார்த்துப் படிக்காதீங்க. என்னால உட்கார்ந்து கேட்க முடியாது. வந்தவங்களைப் பார்த்துச் சொல்லுங்க, யாரோ ஒருத்தி கதை மாதிரி" என்றும் சொன்னீர்கள்.

அந்தச் சொல்லைத் தட்டாமல், இனிச் சற்று நேரம் தங்களை விட்டுவிட்டு, வந்திருப்போரை நோக்கித் திரும்புகிறோம். அவையோரே, செவி சாயுங்கள்.

எங்கள் பிரிவு இருப்பது வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறையில். இரண்டு சன்னல், அதில் ஒன்று திறக்காது. ஒரு நுண்ணோக்கி, ஒரு பழைய உறைபெட்டி, வெள்ளைத் தட்டுகள், ஓவியர்கள் வைத்திருப்பதிலேயே மெல்லிய தூரிகைகள் நாலைந்து. கதவில் மேடத்தின் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கும்: 'இந்த அறைக்குள் யாரும் கொசுவை அடிக்கக் கூடாது.' புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கொசு ஒழிப்புத் துறையில் கொசுவுக்கு அடைக்கலமா என்பார்கள். அவர் நிமிராமலே, "அடிச்சா நசுங்கும். நசுங்கினா அது யாருன்னு நான் எப்படிச் சொல்றது?" என்பார்.

யார் என்று சொல்வதுதான் அவர் தொழில். காலையில் பொறிகளிலிருந்து வலைப்பைகள் வந்து சேரும். பையோடு உறைபெட்டியில் வைத்து, கொசுக்கள் அடங்கியதும் தட்டில் கொட்டி, தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக ஒதுக்குவார். சாக்கடையில் பிறந்தது ஒருபுறம், நல்ல தண்ணீரில் பிறந்து டெங்குவைச் சுமக்கும் ஏடிஸ் ஒருபுறம். ஏடிஸ் கொசுவின் முதுகில் யாழ் வரைந்தது போல வெள்ளைக் கோடு இருக்கும். ஒரு நாளைக்கு இருநூறு, மழைக்காலத்தில் நானூறு. மாலை நாலு மணிக்குள் எந்தத் தெருவில் எத்தனை என்று எழுதி அனுப்புவார். அதைப் பார்த்துத்தான் மறுநாள் மருந்துப் புகை வண்டி எந்தப் பக்கம் போவது, எந்த வீட்டு மொட்டை மாடியில் ஏறித் தொட்டியைக் கவிழ்ப்பது என்று முடிவாகும். இருபத்துநாலு ஆண்டு இப்படியே போயிற்று. அத்தனை ஆண்டிலும் அவர் எழுதிய எண் ஒன்று தவறென்று யாரும் சொன்னதில்லை.

ஏழு ஆண்டுக்கு முன் படப்பெட்டிகள் வந்தன. தெருவுக்குத் தெரு மாட்டிய இருநூறு பெட்டிகள். உள்ளே ஒரு சிறு விசிறி கொசுவை இழுத்து வெள்ளைத் தகட்டில் போடும். மேலே இருக்கும் கேமரா படம் எடுக்கும். கொசு கீழே வலைப்பைக்குள் விழுந்துவிடும். படம் நேராகக் கணினிக்குப் போகும். இது இன்ன கொசு என்று கணினியே சொல்லிவிடும். அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரையில் ஊர் வரைபடம். ஏடிஸ் அதிகமுள்ள தெரு சிவப்பு, கொஞ்சம் இருந்தால் மஞ்சள், இல்லையென்றால் பச்சை. முன்பு மாலை நாலு மணிக்குத் தெரிந்தது இப்போது இரண்டே நிமிடத்தில் தெரியும்.

இனி நம் வேலை என்ன ஆகுமோ என்று எங்களில் பலர் பேசிக்கொண்டோம். அவருக்கு அந்தக் கவலை இல்லை. "என்னால ஒரு நாளைக்கு நானூறு பார்க்க முடியும். அது நாலாயிரம் பார்க்கும். பார்க்கட்டுமே, நல்லதுதானே" என்றார். ஆனால் கணினிக்குத் தானாக எதுவும் தெரியாது. இதுதான் ஏடிஸ், இது இல்லை என்று ஒருவர் பல்லாயிரம் படங்களில் குறித்துக் காட்டினால்தான் அது பழகும். கணினி நிறுவனத்திலிருந்து வந்த பொறியாளர் நாற்பது வயதைத் தாண்டியவர், பேச்சில் சிக்கனக்காரர். அவரும் மேடமும் எதிரெதிரே உட்கார்ந்து பதினாலு மாதத்தில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் படங்களைக் குறித்தார்கள். அந்தக் கணினி எதைக் கண்டதோ அதை அவர் கண்ணால் கண்டது. இதை நாங்கள் புகழ்ச்சியாகச் சொல்லத்தான் ஆசைப்பட்டோம்.

இங்கேதான் அந்த இடறல். வரைபடத்தைத் தொடங்கி வைக்கத் தேதி குறித்தாயிற்று. இன்னும் பத்து நாள்கூட இல்லை. மீதமிருந்தவை ஒரு வகைப் படங்கள் மட்டும். செதில் உதிர்ந்து, முதுகுக் கோடு அழிந்து, காலில் ஒன்றிரண்டு இல்லாமல், சிறகு ஓரம் கிழிந்து, சாயம் போன துணி மாதிரி இருந்த கொசுக்களின் படங்கள்.

பொறியாளர் கேட்டார்: "இது ஏடிஸா இல்லையா மேடம்?"

"ஏடிஸ்னுதான் தோணுது. ஆனா படத்தை மட்டும் பார்த்து சத்தியம் பண்ண மாட்டேன். பையில இருக்கற பூச்சியை எடுத்து, மல்லாத்தி, முகத்துக்கிட்ட வெள்ளைப் புள்ளி இருக்கான்னு பார்க்கணும். ஒண்ணுக்குக் கால் மணி நேரம் ஆகும்."

"எத்தனை இருக்கு?"

"பதினோராயிரத்துச் சொச்சம்."

பொறியாளர் நாட்காட்டியைப் பார்த்தார். "தெளிவில்லைன்னு போட்டு ஒதுக்கிடலாமா?"

அவர் ஒரு கணம் யோசித்தார். எங்களிடம் அவர் சொன்னபடி, அந்தக் கணத்தில் அவர் யோசித்தது கொசுவைப் பற்றிக் கூட இல்லை. அன்று வீட்டுக்காரருக்குப் பல் வலி. சீக்கிரம் போக வேண்டுமே என்று யோசித்தார். "சரி, ஒதுக்கிடுங்க" என்று கையெழுத்துப் போட்டார். அந்தப் பூச்சிகள் அட்டைப் பெட்டிகளில் கட்டப்பட்டுப் பரண் ஏறின. கணினி அந்தப் படங்களைப் பார்க்கவே இல்லை.

ஒன்றை இங்கே விளக்கியாக வேண்டும். டெங்கு நோயாளியைக் கடித்த கொசு உடனே அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிட முடியாது. கிருமி அதன் உடம்புக்குள் வளரப் பத்து நாளாவது ஆகும். அதுவரை பிழைத்துக் கிடக்கும் கிழட்டுக் கொசுதான் ஆளைக் கொல்லும் கொசு. பத்து நாள் பறந்தால் செதில் உதிரும், கோடு அழியும், சிறகு கிழியும். இளங்கொசு பார்க்கப் பளிச்சென்று இருக்கும். அதனிடம் பயம் குறைவு. இது அவருக்குத் தெரியாததா? மேடைகளில் அவரே சொல்லிக் கொடுத்த பாடம். தெரிந்தது ஒரு பக்கம் கிடந்தது, கையெழுத்து இன்னொரு பக்கம் விழுந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்று அவருக்குத் தோன்றவில்லை.

முதல் ஓராண்டு எல்லாம் ஓகோ என்று போயிற்று. சிவப்பு விழுந்த தெருவுக்கு அன்றைக்கே ஆட்கள் போனார்கள். காய்ச்சல் பாதியாகக் குறைந்தது. வெளியூர்களிலிருந்து வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அவருக்கு முதன்மை ஆய்வாளர் பதவி உயர்வு என்று பேச்சு அடிபட்டது.

இனி எங்கள் புகை வண்டி ஓட்டுநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருந்துப் புகை விடும் வண்டியை ஓட்டுவதால் அவரை நாங்கள் ரயில்காரர் என்போம். அவரும் கோபித்துக்கொள்ளாமல், "ரயிலு கிளம்புது, டிக்கெட் எடுத்தவங்க ஏறுங்க" என்பார். அவர் மனைவி தையல்காரி. படப்பெட்டிகளில் கொசு விழும் வலைப்பைகள் இருநூறையும் தைத்துக் கொடுத்தது அவர்தான். ஒரு பை கிழிந்து வந்தால் மறுநாளே வேறு பை வரும். மேடத்தை ரயில்காரர் அக்கா என்றுதான் கூப்பிடுவார். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து உண்டு.

அந்த ஆண்டு மழை முடிந்த சமயம். ரயில்காரர் வீட்டுத் தெருவில் இருந்தது நாற்பத்தொன்றாம் பெட்டி. ஆறு வாரமாக வரைபடத்தில் அந்தத் தெரு பச்சை. வீட்டில் மனைவி, "தையல் மிஷின்ல உட்கார முடியல, காலைப் பிடுங்குது. ஊருக்கெல்லாம் புகை போடறீங்க, சொந்தத் தெருவை விட்டுட்டீங்க" என்றிருக்கிறார். இவர் சிரித்துவிட்டு, "மேப்புல பச்சைன்னு இருக்கு. உன் காலை நம்பறதா, எங்க அக்காவை நம்பறதா?" என்றிருக்கிறார்.

ஆனாலும் மனசு கேட்காமல் மறுநாள் தாழ்வாரத்தில் மேடத்தை நிறுத்திக் கேட்டார்: "அக்கா, எங்க தெருவுக்கு ஒரு தடவை வண்டியை எடுத்துட்டுப் போகட்டுமா? வீட்ல ஒரே புகார்."

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். "பச்சைதானே தம்பி. சிவப்பு எத்தனை நிக்குது பாருங்க. மருந்தை வீணாக்காதீங்க."

"சரிக்கா."

அவ்வளவுதான் பேச்சு. பன்னிரண்டாம் நாள் ரயில்காரர் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. அந்தத் தெருவில் மொத்தம் பதினேழு பேருக்கு வந்தது. பதினாறு பேர் எழுந்துவிட்டார்கள். ஒன்பதாம் நாள் மருத்துவமனையில் அவர் மட்டும் எழவில்லை. வயது முப்பத்தாறு. எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள்.

விசாரணை வந்தது. பெட்டி ஏன் காட்டவில்லை என்ற கேள்விக்கு எல்லோருக்கும் சௌகரியமான ஒரு பதில் கிடைத்தது. பெட்டிகளைத் துடைப்பவர் சரியாகத் துடைக்கவில்லை, மழையில் கேமராக் கண்ணாடி மங்கிவிட்டது என்றார்கள். அந்தப் பெட்டிக்காரர் தற்காலிக ஊழியர். சைக்கிளில் ஊர் முழுக்கச் சுற்றுபவர். "தினம் துடைச்சேங்க. எம் பொண்ணு மேல ஆணையா துடைச்சேங்க" என்று அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள், நம்பவில்லை. வேலையிலிருந்து நீக்க உத்தரவு தயாராயிற்று.

மேடம் யாரிடமும் எதுவும் சொல்லாமல் உறைபெட்டியைத் திறந்து, நாற்பத்தொன்றாம் பெட்டியின் ஆறு வாரத்துப் பைகளை எடுத்தார். பையின் வாய்த் தையல் நெருக்கமாக, ஒரு நூல்கூடப் பிசகாமல் இருந்தது. அதைப் பிரிக்கக் கத்தரியை வைத்தவர் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். பிறகு பிரித்தார். கணினி 'மற்றவை' என்று தள்ளிய கொசுக்கள் அறுபத்துமூன்று. ஒவ்வொன்றாக மல்லாத்திப் பார்த்தார். மூன்று நாள் ஆயிற்று. ஐம்பத்தெட்டு ஏடிஸ். எல்லாம் தேய்ந்தவை. தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த அச்சகத்தின் மாடித் தொட்டியில் பிறந்து, தெரு நீளமும் பறந்து, கிழடாகித்தான் அவை பெட்டிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ பளிச்சென்று வந்தது; அதை மட்டும் கணினி கண்டது. ஒன்றிரண்டுக்கெல்லாம் சிவப்பு விழாது.

அன்று அப்போதைய துறைத் தலைவரின் அறைக்குப் போனார். கதவு பாதி திறந்திருந்ததால் எங்கள் எழுத்தர் காதிலும் விழுந்தது.

"நாளைக்கு விசாரணைக்குக் கடைசி நாள் மேடம். கண்ணாடி மங்கிடுச்சுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

"கண்ணாடி மங்கலை சார். படத்தைப் பாருங்க, பளிச்சுன்னு இருக்கு. கொசுதான் மங்கிப் போயிருக்கு."

"அப்ப கணினிக் கம்பெனி பதில் சொல்லட்டும்."

"கம்பெனிக்கு அதைச் சொல்லிக் கொடுக்காம விட்டது நான். இந்தாங்க, ஒதுக்கச் சொல்லி நான் போட்ட கையெழுத்து."

தலைவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். "இதை உங்ககிட்ட யாரும் கேட்கலையே. அடுத்த மாசம் பதவி உயர்வு. வலியப் போய் ஏன் தலையைக் கொடுக்கறீங்க?"

"கேட்காததுனாலதான் சார் சொல்றேன். கேட்டிருந்தா அந்தப் பெட்டிக்காரரை நிக்க வெச்சிருக்க மாட்டாங்க."

அன்று மாலை வீட்டில் கணவரிடம், "நாளைக்கு விசாரணையில சொல்லப் போறேன்" என்றார். கணவர் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். "பதவி உயர்வு போயிடுமே" என்றார். "போகும்." அவர், "சரி, நாளைக்குக் கட்டிக்கற துணியை எடுத்துக் கொடு. இஸ்திரி போட்டு வைக்கறேன்" என்றார்.

அதற்கு முன் இன்னொரு வீட்டுக்கும் அவர் போயிருந்தார். விசாரணையில் கேள்விப்படுவதற்கு முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று ரயில்காரர் வீட்டுக்குப் போனார். தையல் மிஷின்மேல் ஒரு போர்வை மூடியிருந்தது. மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். பதினோராயிரம் படம், ஒதுக்கியது, கையெழுத்து, ஐம்பத்தெட்டு.

ரயில்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நான் உங்ககிட்ட கேட்டேனே அக்கா."

"கேட்டீங்க."

"நீங்க பச்சைன்னீங்க."

"சொன்னேன்."

"அவ கடிக்குதுன்னு சொன்னா. நான் சிரிச்சேன். உங்களை நம்பி அவளைப் பார்த்துச் சிரிச்சேன்."

மேடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். ரயில்காரர் கையை உயர்த்தினார். "வேணாம். அதைச் சொல்லிடாதீங்க. சொன்னா நான் ஏதாவது பதில் சொல்லணும். என்கிட்ட இல்ல." பிறகு எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "பார்த்துப் போங்க. படி ஈரமா இருக்கு."

அன்றிலிருந்து அவர் வாயில் அக்கா என்ற சொல் வந்ததில்லை. மேடம் என்றும் வந்ததில்லை. வேலையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போவார். ஐந்து ஆண்டு.

பெட்டிக்காரரின் வேலை தப்பியது. மேடத்துக்குப் பதவி உயர்வு போயிற்று. இருந்த பதவியிலும் ஒரு படி இறக்கினார்கள். ஒதுக்கலாமா என்று கேட்டது தான்தான் என்று பொறியாளர் விசாரணையில் வந்து சொன்னார். அவர் நிறுவனம் அவரை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டது. அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

பதவி இறக்க உத்தரவு வந்த மறுநாள் காலை மேடம் பரணில் ஏறினார். எங்களில் ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அட்டைப் பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. தேய்ந்த கொசுக்கள் பதினோராயிரத்து இருநூற்று நாற்பது. அவற்றைத் திரும்பப் பார்க்கும்படி எந்த உத்தரவும் இல்லை. அன்றாட வேலை முடித்து, மற்றவர்கள் டீ குடிக்கப் போகும் நேரத்திலும், விடுமுறைப் பகலிலும் உட்கார்ந்தார். தூரிகையால் எடுத்து, மல்லாத்தி, முகத்தைப் பார்த்து, எழுதி, அடுத்தது. உதவி செய்கிறோம் என்று சுற்றி நின்ற எங்களிடம், "எழுதறதுக்கு ஒருத்தர் இருங்க. பார்க்கறது நான்தான்" என்றார்.

மூன்றாம் ஆண்டு இடது கண்ணில் நிழல் விழுந்தது. கண் மருத்துவர் நுண்ணோக்கியைத் தொடக் கூடாது என்றார். தொட்டார். இடது கண் இப்போது வெளிச்சம் மட்டும்தான் காணும். "மருத்துவர் ரெண்டு கண்ணுக்கும் சேர்த்துத்தான் சொன்னாரு. நுண்ணோக்கிக்கு ஒண்ணு போதும்" என்று எங்களிடம் வேடிக்கையாகச் சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை. கடைசிக் கொசு சென்ற மாதம் இரண்டாம் தேதி முடிந்தது. அதைத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். கொண்டாட வேண்டும் என்று நாங்கள் வாங்கி வைத்திருந்த இனிப்பை எடுத்து வெளியே வைக்க எங்களுக்கும் மனம் வரவில்லை.

பகுதி பகுதியாக அவர் முடித்துக் கொடுத்ததை வைத்தே கணினி பழகிவிட்டது. இப்போது கோடு அழிந்த கொசுவையும் அது விடுவதில்லை. சென்ற மழைக்காலத்தில், பழைய கணக்குப்படி பச்சையாக இருந்திருக்க வேண்டிய ஒன்பது தெருக்கள் சிவப்பாக எரிந்தன. ஆட்கள் போனார்கள். ஒரு குடியிருப்பில் லிஃப்ட் ஓடும் குழியின் அடியில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். அதில் கூத்தாடும் புழுக்கள். அந்த ஒன்பது தெருக்களிலும் யாரும் சாகவில்லை. இதை அவரிடம் உற்சாகமாகச் சொல்லப் போனோம். "முன்னாடியும் அந்தத் தெருக்கள்ல யாரும் சாகலையே" என்றார். வராத காய்ச்சலுக்குக் கணக்கு ஏது? செத்தவர் ஒருவரைச் சுட்டிக்காட்டலாம். சாகாதவர்களை யார் சுட்டிக்காட்டுவது? அவர்களுக்கே தெரியாது.

அவையோரே, இவ்வளவே அவர் எங்களைச் சொல்லச் சொன்னது. இனி அவரை நோக்கித் திரும்புகிறோம்.

மதிப்புக்குரிய மேடம் அவர்களே! தங்கள் பிழையைத் தங்கள் வாயால் சொன்ன அன்று, எங்களில் ஒருவரின் சோறு பிழைத்தது. அந்தப் பெட்டிக்காரர்தான் இந்த மடலை இப்போது தங்கள் முன் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பழி எளிய தோளில் இறங்கப் பார்த்த வேளையில், அதைத் தடுத்துத் தன் தோளில் தாங்கிய தகைமையே! இழந்த பதவிக்கு ஏங்காது, இழைத்த பிழைக்கு இமை மூடாது உழைத்த உறுதியே! தலைமை அலுவலகத்திலிருந்து இன்று யாரும் வரவில்லை என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். நாற்காலிகளை முன்வரிசையில் போட்டுவிட்டு, பிறகு நாங்களே எடுத்துவிட்டோம்.

மிஞ்சியிருக்கும் ஒரு கண்ணுக்கு வெயிலும் வெளிச்சமும் குறையாதிருக்கட்டும். தூரிகை பிடித்த விரல்களுக்கு நடுக்கம் வராதிருக்கட்டும். செய்தித்தாளைத் தங்களுக்கு வாசித்துக் காட்டும் கணவரின் குரல் நெடுங்காலம் தங்கள் பக்கத்தில் ஒலிக்கட்டும். நோயணுகாது, நொடியாது, நூறாண்டு நிறைவாக வாழ்வீர்களாக! நிம்மதியோடு வாழ்க என்றும் ஒரு வரி எழுதியிருந்தோம். அது எங்கள் கையில் இல்லை என்று தோன்றியதால் அடித்துவிட்டோம்.

கையெழுத்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பிரிவில் நாங்கள் இருபத்துமூன்று பேர். இதில் இருபத்திரண்டு கையெழுத்துகளே உள்ளன. ரயில்காரரின் குடும்பத்துக் கதையைச் சபையில் சொல்லலாமா என்று அவரிடம் கேட்கப் போனபோது, "சொல்லுங்க, நடந்ததுதானே" என்றார். கையெழுத்துக் கேட்டோம். "போட மாட்டேன். பாராட்டறதுக்கு எனக்கு வாய் வரல" என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை. காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியபோது கூப்பிட்டார். "இதைச் சட்டம் போட்டு அவங்க வீட்ல மாட்டுவாங்கல்ல?" என்று கேட்டார். மாட்டுவார்கள் என்றோம். "அப்ப என் சம்சாரம் போன தேதியையும் அதுல எழுதுங்க. கீழே சின்னதா எழுதாதீங்க. அவங்க ஓய்வு பெற்ற தேதிக்குப் பக்கத்துல, அதே அளவு எழுத்துல எழுதுங்க."

தங்களிடம் கேட்காமலே எழுதியிருக்கிறோம். தாங்களும் அதையே சொல்வீர்கள் என்று தெரியும்.

பணி நிறைவு: ஜூன் முப்பது, வெள்ளிக்கிழமை.

தையல்காரி மறைவு: நவம்பர் ஒன்பது, காலை பத்து மணி நாற்பது நிமிடம்.

என்றும் தங்கள் அன்பு மறவாத,
பூச்சியியல் பிரிவு ஊழியர்கள் இருபத்திரண்டு பேர்